பிராயச்சித்தத்துக்குப் பிறகு

உத்திரமேரூர்க் கல்வெட்டைப்பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குடத்தைப்பற்றியும் ஓலையைப்பற்றியும்தான் பேசுகிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும், வேதத்தில் பயிற்சி வேண்டும். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனைவிட்டு எடுக்கச்செய்யவேண்டும். பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து, 2020ல் டில்லியில் புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டிய பேச்சுவரை இந்தச் சித்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அது பிராமணர்களின் சபை, ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம் என்பது இந்தச் சித்திரத்தில் எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே தெரியும். அது வேறு விஷயம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் எனக்கு முக்கியமாகப் படுவது யாரெல்லாம் கூடாது என்கிற பகுதி. முதல் பராந்தகனின் 12ம், 14ம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது 919லும் 921லும், வெட்டப்பட்டவை. பிந்தியதில் விலக்குப் பட்டியல் நீளம். கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் உறவினர்களும் கூடாது. பஞ்சமா பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவன் கூடாது. கள் குடித்தல் அந்த நான்கில் ஒன்று. பிறர் பொருளைத் திருடியவன் கூடாது. கழுதை ஏறினவன்கூட இருக்கிறான். தகாதவர்களோடு பழகியதால் தள்ளிவைக்கப்பட்டவனுக்கு மட்டும் ஒரு சலுகை: பிராயச்சித்தம் செய்கிறவரை கூடாது. அப்புறம் வருகிறது எனக்குத் தூக்கம் கெடுத்த வரி. உண்ணத்தகாததை உண்டு பிராயச்சித்தம் செய்து சுத்தமானவன், பாவம் செய்து பிராயச்சித்தம் செய்து சுத்தமானவன், இவர்கள் பெயர் சாகும்வரை குடவோலைக்குக் கூடாது.

கவனியுங்கள். சுத்தமாகிவிட்டான் என்று கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. பிராயச்சித்தம் பலிக்கவில்லை என்று அது சொல்லவில்லை. பலித்தது, சாஸ்திரப்படி இவன் சுத்தன். ஆனால் ஏரி வாரியத்தில் உட்காரக்கூடாது, தோட்ட வாரியத்தில் உட்காரக்கூடாது, பொன் வாரியத்தின் பக்கமே வரக்கூடாது. கடவுள் கணக்கில் தீர்ந்த கடன் ஊர்க் கணக்கில் தீர்வதில்லை. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால் இதை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லில் வெட்டி வைத்தவர்களின் நேர்மையை நான் மெச்சத்தான் செய்கிறேன். இன்றைக்கு அதையே வெட்டாமல் செய்கிறோம்.

என் சித்தப்பா இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். 1971ல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது அவருக்கு வயது 16. அரசாங்கம் கடையைத் திறந்ததும், 1973லும் 74லும் மூடியதும், 1981ல் மறுபடி திறந்ததும், 1987ல் சாராயத்தையும் கள்ளையும் நிறுத்தியதும், 1990ல் மலிவு மதுவாகக் கொண்டுவந்து 1991ல் அதையும் எடுத்ததும் அவருடைய சரீரத்தில் எழுதப்பட்ட சரித்திரம். ஒவ்வொன்றுக்கும் அவர் ஏதோ ஒருவிதமாக ஈடுகொடுத்தார். மூடினால் மறைவில், திறந்தால் வெளிச்சத்தில். கையெழுத்து மட்டும் கடைசிவரை முத்து முத்தாக இருந்தது; காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுங்காது என்பது வேறு கதை.

2005ல் நிறுத்தினார். சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். மூன்று வருஷம் தொடவில்லை. 2008ல் எங்கள் தெருவில் திரௌபதி அம்மன் தீமிதி. பதினெட்டு நாள் பாரதம், கூத்து, வசூல், செலவு. கணக்கு எழுத நல்ல ஆள் வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது அவர் பெயரைச் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. "அவரு பந்தல் வேலையைப் பாத்துக்கட்டும்" என்றார் ஒரு பெரியவர், மிகவும் பிரியமாக. சித்தப்பா பந்தல் வேலை பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அடுத்த வருஷம் மறுபடி குடிக்க ஆரம்பித்து 2011ல் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இறந்துபோனார். பந்தல் வேலைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் கதை அழகாக முடியும். ஒரு மனிதன் மறுபடி ஏன் குடிக்கிறான் என்பதற்கு அழகான விடை கிடையாது.

பாஸ்டரைப்பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயர் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஊர் பெயரும் வேண்டாம் என்றார். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம், ஒரு காலனி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பாப்டிஸ்ட் சபை. தமிழ்நாட்டில் பாப்டிஸ்டுகள் அதிகமில்லை. தெலுங்கு தேசத்தில் நெல்லூர், ஓங்கோல் பக்கம் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் பெரிதாக வேரூன்றியது. 1878 ஜூலையில் ஓங்கோல் பக்கத்தில் ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தமிழ்ப் பக்கத்தில் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவர் உழைத்து 1929ல் காய்ச்சலில் இறந்தார். வேலூரில் குஷ்டரோகிகளின் கைகளைச் சீராக்கிய பால் பிராண்ட் அவருடைய பிள்ளை. மற்றபடி நம் பக்கத்தில் இருப்பவை சின்னச் சின்னத் தனிச் சபைகள். இவர்களுக்கு மேலே பிஷப் கிடையாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. புத்தி தெரிந்து, தானாகச் சொல்லி, தண்ணீரில் முழுக்க மூழ்கவேண்டும். போதகரைச் சபையே கூடித் தேர்ந்தெடுக்கிறது. சபையே நீக்கலாம்.

எனக்குச் சட்டென்று சுவர் ஞாபகம் வந்தது. சின்ன ஊர், கூடிப் பேசுதல், தங்களில் ஒருவனைத் தாங்களே தேர்ந்தெடுத்தல். பைபிளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்துப் பார்த்தபோது இன்னும் ஆச்சரியம். கண்காணியாக இருக்கிறவனுக்கு ஒரு தகுதிப் பட்டியல்: ஒரே மனைவி, வீட்டை நன்றாக நடத்துகிறவன், பண ஆசை இல்லாதவன், மதுபானப் பிரியன் அல்லாதவன், வெளியாரிடம் நல்ல பெயர் எடுத்தவன். உத்திரமேரூர் மகாசபையார் படித்தால் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் இந்தப் பட்டியல் நிகழ்காலத்தில் இருக்கிறது. எப்படி இருந்தான் என்று கேட்பதில்லை, எப்படி இருக்கிறான் என்று கேட்கிறது. எழுதியவரே ஒரு காலத்தில் சபையாரைத் தேடிப் பிடித்துச் சிறையில் போட்டவர். வேறு மாதிரி எழுதியிருந்தால் அவருக்கே இடமிருந்திருக்காது.

குடித்து விட்டவன் குடிக்கிறவனிடம் போவது என்பது ஒரு மரபு. அதற்கு வம்சாவளி உண்டு. ஜெர்ரி மெக்காலி அயர்லாந்தில் பிறந்தவன், நியூயார்க் ஆற்றங்கரைத் திருடன், 19 வயதில் சிங் சிங் சிறை. மனம் திரும்பி, மறுபடி விழுந்து, பல தடவை விழுந்து, 1872ல் வாட்டர் தெருவில் குடிகாரர்களுக்கென்று ஒரு மிஷன் திறந்தான். மெக்காலியிடம் வந்து குடியை விட்டவர் ஹாட்லி; மெக்காலிக்குப் பிறகு வாட்டர் தெரு மிஷனை நடத்தியவர். ஹாட்லியின் அனுபவத்தை வில்லியம் ஜேம்ஸ் தன் சமய அனுபவங்கள் பற்றிய நூலில் (1902) எடுத்துக்கொண்டார். அந்த நூலை 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கையில் படித்தவர் பில் வில்ஸன். அடுத்த வருஷம் ஆக்ரனில் டாக்டர் பாப் என்பவரோடு சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை ஆரம்பித்தார். இந்தியாவில் அது 1957ல் வந்தது. ஒரு திருடனிடமிருந்து ஒரு தத்துவப் பேராசிரியர் வழியாக ஒரு பங்கு வியாபாரிக்கு. இலக்கியம் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்களிடம் நான் சில சமயம் இதைச் சொல்வதுண்டு, நம்புவதில்லை.

நம் பக்கத்தில் இதே காரியம் வேறு வாசல் வழியாகவும் வந்திருக்கிறது. 1979ல் டி.டி. ரங்கநாதன் குடியால் இறந்தார். அடுத்த வருஷமே அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அவர் பெயரிலேயே சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். தொழிலதிபர் குடும்பத்தில் ஒரு சாவின் காரணத்தை மறைக்காமல் வெளியே சொன்னது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. பம்பாயில் ஜோ பெரேரா என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1981ல் கிருபா என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்து, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் படிகளோடு ஐயங்கார் யோகத்தைச் சேர்த்தார். காலனிப் பாஸ்டருக்கு இவை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தான் குடித்ததும் விட்டதும்.

பிரசங்கத்தில் எனக்கு நாட்டமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாட்சி என்று இவர்கள் சொல்கிற இலக்கிய வகையில் எனக்குச் சந்தேகம் அதிகம். 'நான் முன்பு எப்படி இருந்தேன் தெரியுமா' என்று தொடங்கி, சொல்லச் சொல்லப் பழைய பாவம் பெரிதாகிக்கொண்டே போகும். முதல் வருஷம் ஒரு குவார்ட்டர். ஐந்தாம் வருஷம் இரண்டு புல். மீட்சி பெரிதாகத் தெரியவேண்டுமானால் குழி ஆழமாக இருக்கவேண்டும் அல்லவா? நம் பக்திச் சரித்திரங்களும் இதே இலக்கணம்தான். அருணகிரி கோபுரத்திலிருந்து குதிக்கிறார். தொண்டரடிப்பொடி தேவதேவி வீட்டு வட்டில் விவகாரத்தில் திருட்டுப் பழி சுமக்கிறார். திருமங்கை மன்னன் வழிப்பறியே செய்கிறார். இவர்கள் ஆழ்வாராக உள்ளே நிற்கலாம். வெளிச் சுவரில் எழுதியிருக்கிற வாரியத்தில் உறுப்பினராக முடியாது. புனிதனாக உயர்த்திவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனாகத் திரும்பச் சேர்த்துக்கொள்வதுதான் முடிவதில்லை.

நம் சிறுபத்திரிகை வட்டாரமும் இதில் பெரிய வித்தியாசமாக இல்லை. ஜி. நாகராஜன் 1981ல் மதுரையில் இறந்தபிறகு அவரைப்பற்றி எத்தனை கதைகள். 'நாளை மற்றுமொரு நாளே'யைப் படிக்காதவனுக்கும் அந்தக் கதைகள் தெரியும். குடித்து அழிகிற கலைஞன் நமக்கு ஒரு படிமம். குடியை விட்டு, காலையில் எழுந்து, ரேஷன் கடையில் நிற்கிற கலைஞனுக்கு நம்மிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவன் கொஞ்சம் சலிப்பூட்டுகிறவன்கூட.

பாஸ்டரும் சலிப்பூட்டுகிறவர்தான். அவரிடம் எனக்குப் பிடித்ததே அது. ஜெபத்தால் குடி போய்விட்டது என்று மேடையில் சொல்லுகிற வழக்கம் அவருக்கில்லை. "ஜெபம் அப்புறம் பிரதர். மொத மூணு நாள் ஆஸ்பத்திரி" என்கிறார். வருஷக்கணக்கில் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாள் புத்தி பேதலித்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பான், உயிரே போகலாம். முழு இரவு ஜெபத்தில் கட்டிப்போட்டு வைத்து ஒருத்தன் இறந்ததை அவர் இளவயதில் ஏதோ ஒரு ஊரில் பார்த்திருக்கிறார். அதனால் யார் வந்தாலும் முதலில் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். குளுகோஸ் ஏற்றுமுன் வைட்டமின் பி1 ஊசி போட்டார்களா என்று நர்ஸிடம் கேட்கிறார். பட்டினி கிடந்து குடித்தவனுக்கு அது இல்லாமல் குளுகோஸ் போனால் மூளைக்குக் கேடு என்று ஒரு நர்ஸ்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். புருஷனுக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கலாமா என்று கேட்டு வருகிற பெண்களிடம் கோபித்துக்கொள்கிறார். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் நெஞ்சு அடைக்கும், ரத்த அழுத்தம் விழும். தெரிந்து சாப்பிட்டால் வேலி, தெரியாமல் கொடுத்தால் விஷம் என்கிறார்.

2023 மே மாதம் மதுராந்தகம் பக்கம் பெருங்கரணையிலும் மரக்காணம் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். அந்த நாட்களில் எல்லாரும் பேசினார்கள். பாஸ்டர் அப்போதும் பேசவில்லை. கடைக்காரனையோ அரசாங்கத்தையோ திட்டி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இது அவரிடம் ஒரு குறை என்றே நினைக்கிறேன். பகல் 12 மணிக்குக் கடை திறக்கிறது. அதற்கு முன்னால் பக்கத்துச் சந்தில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. இரண்டும் ஊருக்குத் தெரியும். தனி ஆத்துமாவைத் தூக்கி நிறுத்துகிற வேலையில், அது விழுகிற பள்ளத்தை யார் வெட்டியது என்கிற கேள்வி மறைந்துபோகிறது. சொல்லிப் பார்த்தேன். "அத நீங்க எழுதுங்க பிரதர்" என்றார்.

2002ல் விட்டவர். 2006ல் சபை அவரைப் போதகராகத் தேர்ந்தெடுத்தது. 2010ல் மறுபடி விழுந்தார். ஒன்பது நாள். இதை அவர் சாட்சியாகச் சொல்வதில்லை. நான் கேட்டபோது சொன்னார். பத்தாம் நாள் சபை கூடியது. முப்பது பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் புருஷனுடைய குடியால் அங்கே வந்து சேர்ந்தவர்கள். கை தூக்கி முடிவு செய்தார்கள். ஒரு வருஷம் அவர் பிரசங்கம் செய்யக்கூடாது. ஆனால் காணிக்கைக் கணக்கை அவரே எழுதட்டும் என்றார்கள். இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. வேறு யாருக்கும் ஒழுங்காகக் கூட்டிக் கழிக்கத் தெரியாது. ஒரு வருஷம் அவர் பின்வரிசைப் பாயில் உட்கார்ந்து, பையில் விழுந்த சில்லறையை எண்ணி நோட்டில் எழுதினார். பிறகு மறுபடி கூடி, மறுபடி கை தூக்கினார்கள்.

எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் தெருக் கமிட்டியில் இருந்தவர்கள் அந்த முப்பது பேரைவிடக் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எங்களுக்குக் கணக்கு எழுத வேறு ஆள் இருந்தது.

மதம் மாற்றத்தான் இதெல்லாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் ஞானஸ்நானம் கொடுக்கிறார், மறைப்பதில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் அதிகாலையில். ஆனால் அவரிடம் வந்து குடியை விட்ட பலர் அவருடைய சபைக்கு வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். காலனியில் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1950ம் வருஷத்து ஆணைப்படி, கிறிஸ்தவன் என்று எழுதினால் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று, சர்ட்டிபிகேட்டில் ஒன்று. தூயவாதிகள் இதைக் கபடம் என்பார்கள். ரெண்டு ஊர்ச் சுவரிலும் தன் பெயர் இல்லாதவன் வேறு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

அவரும் என் சித்தப்பாவும் சேர்ந்து குடித்தவர்கள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது பிராந்திக் கடைகள் தனியார் ஏலத்தில் இருந்தன. 2003 நவம்பரில்தான் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டது. கடைக்குப் பின்னால் தென்னங்கீற்றுத் தடுப்பு, ஒரு பெஞ்சு. ஊர்த் தெரு ஆளும் காலனி ஆளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டில் மாங்காய்த் துண்டு எடுத்துத் தின்ற இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். குடியை விட்டபோது இருவருக்குமே அந்தப் பெஞ்சும் போயிற்று.

பாஸ்டரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஞானஸ்நானக் கணக்கு இல்லை, அது வேறு. இதில் வந்தவர்கள் பெயர், வந்த தேதி. விழுந்தால் அடித்துவிடுகிறார். திரும்பி வந்தால் புதுத் தேதியோடு கீழே மறுபடி எழுதுகிறார். ஒரே பெயர் நாலு இடத்தில், ஏழு இடத்தில் இருக்கிறது. ஒரு பெயர் பதினொரு தடவை. அடித்த கோடுகள் ஸ்கேல் வைத்து அடித்தவை.

சித்தப்பா பெயர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல பிரதர். அவர் உள்ள வந்ததே இல்ல" என்றார். "நாலு வருஷம் வந்தாரு. சனிக்கிழம சாயங்காலம். ரோட்டு மேல சைக்கிள நிறுத்தி பெல் அடிப்பாரு. எறங்க மாட்டாரு, ஒரு காலு தரையில. நான் வெளிய போயி நின்னு பேசுவேன். கால் மணி நேரம். கூட்டம் நடந்துகிட்டு இருந்தாகூட போவேன்."

என்ன பேசுவீர்கள் என்றேன்.

"மில்லுல என்ன வெல நெல்லு எடுக்கறாங்க, அந்த மாதிரிதான்" என்றார்.